கையிலே இரும்பு, குருதியிலே வறுமை!

பொருநையாற்றின் கரையிலே ஏரல். மேற்கே ஆதிச்சநல்லூர். அண்மையிலே சிவகளை. கிழக்கே, கடல் விலகிச் சென்றதால் துறைமுகம் என்னும் பெயரை இழந்து, வயல்கள் சூழ்ந்த சிற்றூராய் அடங்கிக் கிடக்கும் கொற்கை. இந்த நான்கு ஊர்களையும் ஒரே பகலில் நடந்து கண்டுவிடலாம். ஆனால் இவற்றின் மண்ணுக்கடியில் கிடக்கும் காலத்தைக் கண்டுவர ஓர் ஆயுள் போதாது.

1876-ஆம் ஆண்டு செருமானிய அறிஞர் யாகோர் ஆதிச்சநல்லூர்ப் பரம்பைத் தோண்டினார். அவருக்குப் பின், 1899 முதல் 1905 வரையிலான ஆண்டுகளில், அலெக்சாண்டர் ரீ அங்கே அகழ்ந்தார். தாழி தாழியாக வெளிவந்தன. பொன்னாற் செய்த நெற்றிப்பட்டங்கள் வந்தன. வெண்கலக் கலங்கள் வந்தன. அவற்றோடு இரும்பு வந்தது—வாளாக, ஈட்டியாக, உழவுக் கருவியாக. 2025 சனவரியில் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை, இரும்பின் தொன்மை குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. சிவகளையிலே இரும்போடு கிடைத்த பொருள்களை ஆய்வுக்கூடங்களில் சோதித்துக் கண்ட காலக்கணிப்புகளுள் ஒன்று கி.மு. 3345 வரை செல்கிறது என்றது அந்த அறிக்கை. அறிஞர்கள் இன்னும் ஆராய்வார்கள், வாதிடுவார்கள், அது அவர்கள் கடமை. எனினும், இரும்பை உருக்கத் தெரிந்த மிகப் பழைய மக்களுள் நம் முன்னோரும் ஒருவர் என்ற பெருமையை நாம் பேசத் தொடங்கிவிட்டோம். மேடைதோறும் பேசுகிறோம், பேசவேண்டியதுதான்.

ஆனால் தோழர்களே, பெருமை பேசும் வாய் கொஞ்சம் ஓய்ந்திருக்கும்போது ஒன்றை எண்ணிப் பாருங்கள். இறந்தவனுடைய தாழியிலே இரும்பை வைத்த நாடு இது. உயிரோடிருக்கும் தாயின் உடலிலே இரும்பு இருக்கிறதா என்று பார்த்ததுண்டா?

பார்த்தார்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு பார்த்தது. 15 வயது முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேர் குருதிச் சோகையுடையோர் என்று கண்டது. இந்தியா முழுமைக்கும் அந்தக் கணக்கு நூற்றுக்கு 57. ஐந்து வயதுக்குட்பட்ட தமிழ்க் குழந்தைகளிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதே சோகை. இரும்பின் தொட்டில் என்று நாம் சொல்லும் நாட்டிலே, தொட்டிலாட்டும் கைகளில் இரண்டில் ஒன்று வெளுத்திருக்கிறது!

நம் வீடுகளில் இரும்புக்கு இடமில்லாமல் இல்லை. பிள்ளை பெற்றவளின் தலைமாட்டிலே அரிவாள் இருக்கும். இருட்டிலே வெளியே போகும் சூலியின் கையிலே ஓர் ஆணியோ பாக்குவெட்டியோ கொடுத்தனுப்புவார்கள். கறிச்சோறு கொண்டுபோகும் தூக்குச் சட்டியிலே ஒரு கரித்துண்டும் இரும்புத்துண்டும் கிடக்கும். ஏன்? பேய் அண்டாதாம்! காற்றுக் கருப்பு தீண்டாதாம்! கண்ணுக்குத் தெரியாத பேயை விரட்டக் கையிலே இரும்பு தந்தோம். கண்ணிமையை விரித்துப் பார்த்தாலே தெரிகிற சோகையை விரட்டக் குருதிக்கு இரும்பு தர மறந்தோம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, கைகால் ஓய்கிறது, சாம்பலும் மண்ணும் பச்சரிசியும் தின்னத் தோன்றுகிறது என்று அவள் சொன்னபோது, ‘பித்தம்’ என்றோம், ‘கண்ணேறு’ என்றோம், ‘சோம்பேறி’ என்றும் சொன்னோம். மண் தின்னும் அந்த ஆசையே இரும்புக் குறைவின் அடையாளங்களுள் ஒன்று என்பதை மருத்துவ நூல் சொல்கிறது. அவள் உடல் கூவியது; நாம் கேட்கவில்லை.

இரும்பு உடலுக்குள் என்ன வேலை செய்கிறது? கொற்கைத் துறையிலும் தூத்துக்குடிக் கடலிலும் முத்துக் குளித்தவனைக் கேட்டால் சொல்லியிருப்பான், சொல்லத் தெரியாமலே. மூச்சை அடக்கி அவன் நீருக்குள் பாய்கிறான். அங்கே காற்றில்லை. முன்பே மூச்சோடு வாங்கிய உயிர்வளியைக் குருதி சுமந்துகொண்டிருக்கிறது. அதைக் கொண்டுதான் அவன் சிப்பியைத் தேடுகிறான். அந்த உயிர்வளியைப் பற்றிப் பிடித்திருப்பது ஈமோகுளோபின் என்னும் செம்பொருள். ஈமோகுளோபினின் நடுவிலே அமர்ந்து அந்தப் பிடியைத் தருவது இரும்பு. வளர்ந்த மனிதன் உடலில் இருக்கும் இரும்பு மூன்று அல்லது நான்கு கிராம்தான், ஓர் ஆணியளவு. அதில் மூன்றில் இரண்டு பங்கு குருதியிலேயே இருக்கிறது. அந்த ஆணி கழன்றால் உடல் என்னும் தேர் ஓடாது.

இந்த உண்மையை உலகம் ஒரே நாளில் அறிந்துவிடவில்லை. கிரேக்கரிடம் ஒரு கதை உண்டு: கத்தியின் துருவைச் சுரண்டி மதுவிலே கலந்து ஒருவனுக்குக் கொடுத்து வலிமை மீட்டார்களாம். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் சிடென்காம், வெளுத்துப்போன இளம்பெண்களுக்கு இரும்பு மருந்து கொடுத்தார். பயன் கண்டார், காரணம் அறியார். 1746-இல் இத்தாலி நாட்டுப் பொலோனா நகரத்து மெங்கினி என்பவர், குருதியை உலர்த்திச் சுட்டுப் பொடியாக்கி, அதனருகே காந்தத்தைக் கொண்டுபோனார். பொடி காந்தத்தைத் தேடி ஓடியது! குருதிக்குள் இரும்பு இருக்கிறது என்பதற்குக் காந்தமே சான்று கூறியது. 1832-இல் பிரெஞ்சு மருத்துவர் பிலோ, இரும்புச் சல்பேட்டைக் கொண்டு மாத்திரை உருட்டினார். அவர் பெயராலேயே அது ஐரோப்பாவெங்கும் பரவிற்று.

அந்த இரும்புச் சல்பேட்டு நமக்குப் புதியதன்று. நாட்டு மருந்துக் கடையில் ‘அன்னபேதி’ என்று கேளுங்கள். பச்சை நிறத்தில் எடுத்துக் காட்டுவார்கள். அதுவே இது. சித்த மருத்துவர்கள் பாண்டு என்றும் சோகை என்றும் பெயரிட்ட நோய்க்கு, அன்னபேதிச் செந்தூரமும் அயச்செந்தூரமும் செய்தார்கள். மூலிகைச் சாற்றில் அரைத்துப் புடமிட்டார்கள். அயம் என்றாலும் இரும்பே. ஆகவே, அரசு மருத்துவமனை மாத்திரையை ‘இங்கிலீஷ் மருந்து’ என்று ஒதுக்குபவருக்கும், செந்தூரத்தைப் ‘பழம்பஞ்சாங்கம்’ என்று எள்ளுபவருக்கும் நாம் சொல்வது ஒன்றுதான்: நீங்கள் இருவரும் ஒரே உலோகத்தைத்தான் இரண்டு பெயரால் அழைக்கிறீர்கள். வேறுபாடு அளவிலே இருக்கிறது. மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் இரும்பு என்று அட்டையிலே அச்சிட்டிருக்கிறது. முறையறியாதார் கையால் வாங்கிய பொடியிலே எத்தனை என்று யார் அளந்தார்?

பயன் கண்ட பிறகும் ஐயம் தீரவில்லை. உலோக உப்பை விழுங்கினால் அது உடலில் சேருமா, அப்படியே வெளியேறிவிடுமா என்று 19-ஆம் நூற்றாண்டு முழுதும் வாதம் நடந்தது. 1932-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஈத்து, ஸ்டிராஸ், காசில் மூவரும் சோகை நோயாளிகளுக்கு இரும்பை அளந்து ஊசியால் செலுத்தினார்கள். கூடிய ஈமோகுளோபினையும் அளந்தார்கள். உள்ளே சென்ற இரும்பும் புதிதாய் உண்டான குருதியின் இரும்பும் ஏறத்தாழச் சரியாக நின்றன. 1937-இல் இங்கிலாந்தில் மக்கான்சும் விடோசன் அம்மையாரும் இன்னொன்றைக் கண்டார்கள்: மிகுந்த இரும்பை வெளியே தள்ளுவதற்கு உடலிடம் வழியில்லை, எவ்வளவு உள்ளே விடுவது என்பதைக் குடலின் வாயிலிலேயே அது முடிவு செய்கிறது. இந்த இரண்டாவது உண்மையை நினைவில் வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கிறது.

1928-இல் லூசி வில்ஸ் என்னும் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழில் செய்யும் ஏழைப் பெண்கள் சூலுற்ற காலத்தில் சோகையால் மடிவது ஏன் என்று ஆராய்ந்தார். நம் குன்னூரிலும் வந்திருந்து ஆய்வு நடத்தினார். இரும்பு மட்டும் கொடுத்தால் தீராத ஒரு சோகை, ஈஸ்டுச் சத்தால் தீருவதைக் கண்டு 1931-இல் எழுதினார். அந்த ஈஸ்டுக்குள் ஒளிந்திருந்த பொருளே ஃபோலிக் அமிலம். அதைச் செயற்கையாய்ப் படைத்துக் காட்டியது, 1945-இல், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் எல்லாப்பிரகத சுப்பாராவ் தலைமையில் உழைத்த குழு. அந்தச் சுப்பாராவ் யார்? சென்னை மருத்துவக் கல்லூரியிலே படித்தவர்!

ஆக, இன்று ஏரல் மருத்துவமனையில் சூலியின் கையில் வைக்கும் சிறு மாத்திரையிலே எத்தனை நாட்டார் உழைப்பு அடங்கியிருக்கிறது, பாருங்கள். இரும்பு ஒரு பாதி. ஃபோலிக் அமிலம் மறு பாதி. 1970-இல் இந்திய அரசு சோகைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2013-இல் வளரிளம் பருவத்தாருக்கு வாரம் ஒரு மாத்திரை தரும் திட்டம் வந்தது. 2018-இல் ‘சோகையற்ற பாரதம்’ என்ற பெயரில் அவை விரிவாயின. சிறு குழந்தைக்குச் சொட்டு மருந்து; தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு மாத்திரை; வளரிளம் பருவத்தாருக்கு நீல மாத்திரை; சூலிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சிவப்பு மாத்திரை. சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். நான்காம் மாதத்திலிருந்து நாளொன்றுக்கு ஒன்றாக 180 நாள். பிள்ளை பெற்ற பின்னும் 180 நாள். சோகை உறுதியானால் மருத்துவர் அளவைக் கூட்டுவார். காசில்லை. கடன் சொல்ல வேண்டியதில்லை.

அரைநூற்றாண்டுக்கு மேலாகக் கொடுக்கிறார்கள். ஆயினும் நூற்றுக்கு 53 ஏன்?

பள்ளியிலிருந்து நீல மாத்திரையோடு வரும் சிறுமியை, “சூட்டு மாத்திரை அது, தின்னாத ஏட்டி!” என்று தடுக்கும் தாயை நாம் கண்டதுண்டு. மாத்திரை தின்றால் பிள்ளை பெருத்துவிடும், பேறு கடினமாகும் என்று அஞ்சும் மாமியாரையும், பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று நடுங்கும் பெண்ணையும் கண்டதுண்டு. என்னே பேதைமை! கறுத்தால்தான் என்ன? கருமை இழிவென்று யார் கற்பித்தார்? பிள்ளையின் நிறத்தை முடிவு செய்வது பெற்றோர் வழிவந்த மரபு, மாத்திரையன்று. அஞ்சவேண்டியது சோகைக்கே. குறைப்பேறும், எடை குறைந்த பிள்ளையும், பேற்றிலே குருதி சிறிது கூடுதலாய்ப் போனாலும் தாங்காத தாயும்—இவை சோகை ஈனும் கேடுகள்.

மாத்திரை அரிசிப் பானைக்குப் பின்னே உறங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் நாள் விழுங்கியதும் குமட்டுகிறது, மூன்றாம் நாள் மலம் கட்டுகிறது, கறுத்துப் போகிறது. அஞ்சி நிறுத்திவிடுகிறாள். இப்படி நேரலாம் என்று அவளிடம் முன்கூட்டிச் சொல்வார் இல்லை. ஆகவே நாம் சொல்வோம்.

மலம் கறுப்பது சேராமல் மிஞ்சிய இரும்பால். அதற்கு அஞ்ச வேண்டாம். ஆனால் தார்போல் ஒட்டிக்கொண்டு கெட்ட நாற்றம் வீசினால், அல்லது செங்குருதி கலந்தால், அது வேறு. உடனே மருத்துவரைக் காணவேண்டும். குமட்டல் மிகுந்தால் உணவுக்குப் பின்னோ, இரவு படுக்கும் முன்னோ உண்ணலாம். வெறும் வயிற்றில்—உணவுக்கு ஒரு மணி முன்போ, இரண்டு மணி பின்போ—உண்டால் இரும்பு நன்றாகச் சேரும் என்பது உண்மை. ஆனால் வயிறு பொறாமல் மாத்திரையையே விட்டுவிடுவதைக் காட்டிலும் உணவோடு உண்பது மேல். நீரும் கீரையும் பழமும் மலச்சிக்கலைத் தணிக்கும். அப்பொழுதும் பொறுக்கவில்லையா? மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றுவார், வேறு வகை தருவார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எதனோடு விழுங்குகிறோம் என்பதும் பெரிது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா—புளிப்பிலும் கனியிலும் உள்ள உயிர்ச்சத்து ‘சி’ இரும்பைக் குடலுக்குள் கைபிடித்து அழைத்துச் செல்லும். தேநீரும் காப்பியும் வாயிலிலே நின்று தடுக்கும். நம் நாட்டிலே உண்டதும் தேநீர், உழைத்ததும் தேநீர், விருந்தினர் வந்தாலும் தேநீர்! மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். பாலுக்கும் சுண்ணாம்புச்சத்து மாத்திரைக்கும் அதே விதி. சூலிக்குக் கால்சிய மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் மருத்துவமனையில் ஒன்றாகக் கொடுப்பார்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் ஒன்று மற்றதைத் தடுக்கும். ஒன்று பகலிலும் மற்றது இரவிலும் ஆகட்டும். தைராய்டு மாத்திரை உண்போர் நான்கு மணி நேரம் இடைவெளி விடவேண்டும். வயிற்றெரிச்சலுக்கான மருந்தும், சிலவகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் இரும்போடு ஒவ்வா. வேறு மருந்து உண்போர் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும்.

இன்னொரு பிழை, அவசரம். ‘இரண்டு மடங்கு தின்றால் இரண்டு மடங்கு குருதி ஊறும்’ என்று எண்ணுகிறார்கள். உடல் அப்படிக் கணக்கிடுவதில்லை. இரும்பு வந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற சுரப்பை விடுத்துக் குடலின் வாயிலைச் சற்று அடைக்கிறது; ஏறத்தாழ ஒரு நாள் அந்த அடைப்பு நீடிக்கும். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர ஆய்வாளர்கள் 2015-இலும் 2017-இலும் இதை அளந்தார்கள். இரும்பு குன்றிய இளம்பெண்கள், நாள்தோறும் உண்டதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் உண்டபோது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாக ஏற்றார்கள். அதனால் சிலருக்கு மருத்துவர் அவ்வாறே எழுதித் தருவதுண்டு. சூலுற்ற பெண் தனக்குச் சொல்லிய முறையை மாற்றவேண்டாம். ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாக விழுங்கவும் வேண்டாம். ஈமோகுளோபின் உயர்ந்துவிட்டது என்று அன்றே நிறுத்தவும் கூடாது. குருதி நிறைந்த பின்னரே களஞ்சியம் நிறையும். அதற்கு இன்னும் மூன்று மாதமாவது ஆகும்.

இனி, 1937-இன் உண்மைக்கு வருவோம். மிகுந்த இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை. தாய்க்கு உயிர் தரும் மாத்திரை, தவழும் பிள்ளைக்கு நஞ்சு! பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை மிட்டாய் என்றெண்ணிச் சிவப்பு மாத்திரைகள் பத்தை விழுங்கினால் உயிருக்கே இறுதியாகலாம்; அதனினும் குறைவானதே கேடு செய்யும். அமெரிக்காவில் குழந்தைகள் பலர் இவ்வாறு மாண்டதால், 1997-இல் இரும்பு மாத்திரைப் புட்டிகளில் எச்சரிக்கை பொறிக்கக் கட்டளையிட்டார்கள். குழந்தை வாந்தி எடுக்கும். பின் சில மணி நேரம் தேறியதுபோல் தோன்றும். அந்தத் தோற்றம் ஏமாற்று. விழுங்கியது தெரிந்த அந்தக் கணமே மருத்துவமனைக்கு ஓடுங்கள். அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். அதற்கு முன், மாத்திரையைக் கைக்கெட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.

சோகையெல்லாம் இரும்புக் குறைவால் வருவதும் அன்று. தலாசீமியா போன்ற பிறவிக் குறைகளில், குறைவில்லாத இரும்பின்மேல் இரும்பைக் கொட்டினால் கல்லீரலும் இதயமும் கெடும். ஆடவருக்கும், மாதவிடாய் நின்ற மூதாட்டியருக்கும் சோகை வந்தால், குருதி எங்கே ஒழுகுகிறது என்று தேடவேண்டும்—குடற்புண்ணா, மூலமா, புற்றா? ஓட்டையை அடைக்காமல் குடத்தை நிரப்புவது என்ன அறிவு? முதலிலே குருதியைச் சோதியுங்கள். சூலுற்ற பெண்ணுக்கு ஈமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை, சூலற்ற பெண்ணுக்கு 12, ஆடவருக்கு 13. ஒரு துளிக் குருதி போதும், உண்மை தெரியும்.

ஒழுகும் ஓட்டைகளுள் ஒன்று கொக்கிப்புழு. தூத்துக்குடியிலும் தனுஷ்கோடியிலும் கப்பலேறி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் குருதியை அட்டை மட்டுமா குடித்தது? வெறுங்காலின் வழியே ஏறிக் குடலிலே தங்கிய இந்தப் புழுவும் குடித்தது. 1916-இல் ராக்பெல்லர் அறநிலையத்தார் அங்கே அதை ஒழிக்கப் பணி தொடங்கினார்கள். இன்றும் பள்ளிகளில் ஆண்டுக்கு இருமுறை தரும் அல்பெண்டசோல் மாத்திரை அந்தப் போரின் தொடர்ச்சியே. காலிலே செருப்பும், வீட்டிலே கழிப்பிடமும் இரும்பு மாத்திரையின் உடன்பிறப்புகள்.

இன்னோர் ஓட்டை உண்டு. அதை எந்தப் புழுவும் போடவில்லை, நாம் போட்டோம். மாதந்தோறும் குருதி இழப்பவள் பெண். சூலுற்றால் ஏறத்தாழ ஓராயிரம் மில்லிகிராம் இரும்பு மிகுதியாய் வேண்டியிருப்பவளும் பெண். ஆனால் சட்டியிலே கடைசியாகக் கைவைப்பவளும் அவளே! கடலோரத்திலே மீன் பொரிகிறது. நடுத்துண்டு ஆணுக்கு, வால் பிள்ளைக்கு, குழம்பின் மிச்சம் அவளுக்கு. மீனிலும் கறியிலும் ஈரலிலும் உள்ள இரும்பே உடலில் எளிதாய்ச் சேரும். முருங்கைக் கீரையும் கம்பும் பயறும் நல்லவை. எலுமிச்சை சேர்த்தால் இன்னும் நல்லவை. எனினும் முற்றிய சோகையைக் கீரை மட்டும் தீர்க்காது; அதற்கு மாத்திரை வேண்டும். மாத்திரை ஊற்றிய குருதியைக் காக்கவோ, நாள்தோறும் நல்லுணவு வேண்டும். ஒன்று மற்றதற்கு மாற்றன்று.

எனவே, ஏரல் சந்தைக்குப் போகும் ஆடவர்களுக்கு நாம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். வீட்டிலே அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். எத்தனை மாத்திரை எஞ்சியிருக்கிறது என்று கேளுங்கள். இன்றிரவு, அவளை முதலிலே உண்ணச் சொல்லுங்கள். சிவகளையின் தாழியைக் கண்டு நெஞ்சு நிமிர்வது எளிது. நம் வீட்டுப் பெண்ணின் கண்ணிமையை விரித்து, அது சிவந்திருக்கக் கண்டு நிமிர்கிறோமே, அந்த நாளே நாம் இரும்பறிந்த இனம் என்று சொல்லத் தகுதி பெறும் நாள்.

தலைமாட்டு அரிவாளை எடுத்து அடுக்களையில் வையுங்கள், காய் நறுக்கட்டும். பேய் வராது, வந்ததுமில்லை. வந்தது சோகை. அதை விரட்டும் இரும்பு அவள் கையிலன்று, குருதியிலே இருக்கட்டும்!